போதகருக்கு முதலாளிப் பாடம் எதற்கு?

சபை வளர வேண்டுமானால் போதகர் கம்பெனி முதலாளியைப் போல யோசிக்க வேண்டுமாம். மலேசியாவில், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இந்தப் பேச்சு இப்போது வேதவாக்காகிவிட்டது. ஹோட்டல் மண்டபத்தில் தலைமைத்துவப் பயிலரங்கு நடக்கிறது. முன்வரிசையில் போதகர், பக்கத்திலேயே தெங்கு கிளானா சாலைக் கடைக்காரர். தொலைநோக்கு வை, இலக்கைப் பெரிதாக்கு, கூட வராதவனைக் கழற்றிவிடு என்று இருவருக்கும் ஒரே பாடம். இருவரையும் ஒருசேரக் கெடுக்கும் பாடம் இது.

இதை வியாபார உலகின் ஞானம் என்பதே பாதிப் பொய். இந்த மேடைகளில் பெயர் அடிக்கடி அடிபடும் தலைமைத்துவ எழுத்தாளர் ஜான் மேக்ஸ்வெல் அமெரிக்காவில் போதகராக இருந்தவர். பிரசங்கம் கம்பெனிக்குப் போய், கோட்டு மாட்டி, கட்டணத்தோடு சபைக்கே திரும்பி வருகிறது.

ஒழுங்காக நடக்கும் எந்த நிறுவனமும் தன் தலைவரை முழுதாக நம்புவதில்லை. கணக்காய்வாளர், இயக்குநர் வாரியம், ஆண்டுப் பொதுக்கூட்டம் எல்லாம் அந்த அவநம்பிக்கைக்குக் கட்டிய வேலிகள். பயிலரங்குக்காரர்கள் வேலியை விட்டுவிட்டுத் தலைவரை மட்டும் விற்கிறார்கள்.

விளைவு என்னவென்று நம் சமூகத்துக்குத் தெரியாதா? 1982-இல் ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு முன்னின்று, இந்தியர்களின் முதலீட்டு நிறுவனமாக மைக்கா ஹோல்டிங்ஸைத் தொடங்கினார். தொலைநோக்குக்கோ மேடைப் பேச்சுக்கோ அங்கே பஞ்சமில்லை. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 10 கோடியே 60 லட்சம் வெள்ளியைக் கொட்டினார்கள். 1990-இல் மைக்காவுக்கு ஒதுக்கப்பட்ட டெலிகோம் பங்குகளில் 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. இரண்டு ஆண்டு கழித்து விஷயம் வெடித்தது, விசாரணை நடந்தது, யார் மீதும் குற்றவழக்கு வரவில்லை. 2010-இல் பங்குகளை வாங்க முன்வந்த நிறுவனம் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருவதாகச் சொன்னது. 28 ஆண்டு காத்திருந்ததற்கு இதுதான் கூலி.

அதே கட்சியின் இன்னொரு தலைவர் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார்கள். மறுவருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் கைக்கு வந்தது. பால் மரம் வெட்டியவரே அங்கே உறுப்பினர். போட்ட பணம் நிலமாகக் கண்ணெதிரே கிடந்தது. கூட்டுறவு என்றாலே யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 1986-இல் 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்ட கதையும் இந்த நாட்டுடையதுதான். கேள்வி கேட்பவர் இருக்கும்வரைதான் எந்த அமைப்பும் நிற்கும்.

சபைகளுக்கு இது பொருந்தாது என்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் நிறுவனர் கொங் ஹீ நவீனத் தலைமைக்கு முன்மாதிரி எனப் பாராட்டப்பட்டவர். கட்டட நிதியிலிருந்து 2 கோடியே 40 லட்சம் டாலர் போலிக் கடன் பத்திரங்கள் வழியாக அவர் மனைவியின் பாப் இசைத் தொழிலுக்குப் போனது. அதை மறைக்க மேலும் 2 கோடியே 60 லட்சம் செலவானது. 2015-இல் ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்களுக்குத் தொலைநோக்கில் குறையிருக்கவில்லை.

நிர்வாகம் தெரியாத போதகரால் சபை சீரழியவில்லையா என்று கேட்பார்கள். சீரழிந்திருக்கிறது. அதற்கு மருந்து சின்ன விஷயங்களில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் வீட்டைச் சேராத இருவர் காணிக்கைப் பையைக் கொட்டி எண்ண வேண்டும். தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமை அது அப்படியே வங்கிக்குப் போக வேண்டும். சங்கப் பதிவிலாகாவில் பதிந்த சபை, பொதுக்கூட்டம் நடத்தி ஆண்டுக் கணக்கை ஒப்படைத்தாக வேண்டும் என்பது சட்டம். அதை வெறும் காகிதச் சடங்காக்காமல் சபையார் முன் வரி வரியாக வாசித்தால் போதும். கடைக்காரருக்கும் இதே புத்திதான்: கல்லாவும் வீட்டுப் பணமும் கலக்கக் கூடாது.

கூட வராதவனைக் கழற்றிவிடச் சொல்லும் அறிவுரை இன்னும் மோசம். நட்டத்தில் ஓடும் கிளையை முதலாளி மூடலாம். தோட்டம் வீடமைப்புத் திட்டமானபோது அடுக்குமாடிகளுக்குச் சிதறிப்போன குடும்பங்களை லாபக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது? அவர்களைத் தேடிப் படியேறுவதுதான் போதகரின் வேலை.

அடுத்த பயிலரங்குக்குச் சபைப் பணத்தில் கட்டணம் கட்டுமுன், போன வருட வரவு செலவைச் சபையார் கேட்டு வாங்கட்டும். தரத் தயங்கும் தலைவருக்கு எந்தப் பயிலரங்கும் உதவாது.