ரம்பத்திற்குப் பொட்டு, தொழிலாளிக்குக் கட்டு

நாற்காலி, மேசை, கட்டில் செய்யும் நமது பட்டறைகளில் ஆயுத பூசையன்று ரம்பத்திற்குச் சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சம்பழம் முதலிய சகல மரியாதைகளும் நடக்கின்றன. மறுவாரம் அதே ரம்பம் ஒரு தோழரின் விரலைத் துண்டித்துவிட்டால் "அவன் தலையெழுத்து" என்று சொல்லிவிடுகின்றார்கள். ரம்பத்தின் மேலிருக்க வேண்டிய மூடி எங்கே என்று பார்த்தால், அது சுவரில் ஆணியில் தொங்குகின்றது! இதை எழுதியது பிரம்மாவா, மூடியைக் கழற்றிய கையா என்று கேட்கின்றோம்.

கழற்றியது தொழிலாளிதானே என்று முதலாளிமார் சொல்லலாம். பல இடங்களில் அது மெய்தான். ஆனால் ஏன் கழற்றினார்? உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பதால், மூடியோடு அறுத்தால் மாலைக்குள் உருப்படி குறைகின்றது. வீட்டில் உலையரிசியும் குறைகின்றது. கூலி முறையை அப்படியே வைத்துக்கொண்டு "ஜாக்கிரதையாயிரு" என்று புத்தி சொல்வது சுத்தப் பித்தலாட்டமாகும்.

நிற்க, விரல் போனால் கண்ணுக்காவது தெரியும். மரத்தூள் செய்யும் கேடோ அப்படியல்ல. இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பேர் போன ஹை விக்கம் என்னும் ஊரில், மூக்கினுள் வரும் அபூர்வமான ஒருவகைப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்க்கே மிகுதியாக வருவதை எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற பெண் மருத்துவர் கவனித்தார். அவரும் வேறு மருத்துவர்களும் 1968-இல் அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தூளைச் சுவாசித்துப் பல பத்தாண்டுகள் சென்றபின் தலைகாட்டும் நோய் இது. 1995-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் மரத்தூள் மனிதருக்குப் புற்று உண்டாக்குவதென்றே முடிவு கூறிற்று. முன் ஜென்மத்துப் பாவம் என்று அங்கே உட்கார்ந்திருந்தால் காரணம் அகப்பட்டிருக்குமா? காரணம் தெரிந்தபின் பரிகாரம் பெரிய வித்தையல்ல. தூள் கிளம்பும் இடத்திலேயே குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும். காற்றடித்தோ, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கியோ மறுபடி கிளப்பக்கூடாது. முகத்தில் துண்டு கட்டுவது நுண்ணிய தூளைத் தடுக்காது.

சட்டமில்லையா என்றால், யந்திரத்திற்குக் காப்பு வேண்டும், தூளை அகற்ற வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லிற்று. ஆனால் மின்சாரம் ஓடுமிடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை என்று அச்சட்டம் வைத்திருந்தது. 2020-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத் தொகுப்போ அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது! பதினைந்து பேர் தூளில் நிற்கும் பட்டறை, அந்தக் கணக்கில், தொழிற்சாலையே அல்லவாம்.

அடுத்த ஆயுத பூசைக்கு முதலாளி பொரிகடலை கொடுக்கும்போது, உறிஞ்சு குழாய் எப்போது வரும், மூடி போட்டு அறுத்தால் கூலி குறையாதா என்ற இரண்டையும் பட்டறைத் தோழர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்கும்படி வேண்டிக்கொள்கின்றோம்.