வகுப்பறையில் ஒரு மீன்தொட்டி

கல்லூரியின் விழாக் காலங்களிற் பழைய மாணவர் ஒன்றுகூடும்போது, "பிள்ளைகளுக்கு என்ன செய்து கொடுக்கலாம்?" என்னும் வினா எழுவது வழக்கம். விடைகளும் ஆயத்தமாகவே இருக்கும்: வாயிலுக்கு ஒரு வளைவு, மண்டபத்துக்கு ஒலிபெருக்கி, இக்காலத்திற் சுவரளவான மின்திரை. இவற்றை நாம் இகழ்கின்றோமல்லோம். ஆயினும் இம்மலரில் எமக்குக் கிடைத்த சில பக்கங்களைக் கொண்டு வேறொன்றைக் கேட்க விரும்புகின்றோம். அது மிகச் சிறியது. யன்னலோரத்தில் ஒரு வாங்கு. அதன்மேல் 15 லீற்றர் நீர் கொள்ளும் ஒரு கண்ணாடித் தொட்டி. அதனுள் ஒரு பிடி ஐதரில்லாப் பாசி, இரண்டு மூன்று நத்தைகள், நான்கு கப்பி மீன்கள். கல்லூரியின் ஆரம்பப் பிரிவிலும் அயலிலுள்ள சிறு பாடசாலைகளிலும் வகுப்புக்கு ஒன்றாக இது வைக்கப்படல் வேண்டும் என்பதே எமது கருத்து.

தமிழாசிரியனுக்கு மீன்தொட்டியில் என்ன வேலை என்று அன்பர்கள் நகைக்கலாம். இக்கல்லூரியிற் கற்று, ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து, இன்று ஒரு கிராமப் பாடசாலையிற் கடமையாற்றுகின்றோம். அங்கே ஆசிரியர் தொகை குறைவு. விஞ்ஞானம் கற்பித்தவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின், ஆறாம் வகுப்பு விஞ்ஞானப் பாடமும் எம் தலையில் வந்து விழுந்தது. சக்தி என்னும் பாடத்திலே எமக்கு இடர் விளைத்தது விஞ்ஞானம் அன்று, தமிழே.

தமிழகத்துப் பாடநூல்கள் 'ஆற்றல்' என்று கூறுவதனை ஈழத்துப் பாடநூல்கள் 'சக்தி' என்று கூறும். அவர்கள் 'திறன்' என்பதை நாம் 'வலு' என்போம். எச்சொல் சிறந்தது என்று வழக்காட நாம் வரவில்லை. ஆனால் எம் பிள்ளைக்குச் 'சக்தி' என்றதும் முதலில் நினைவுக்கு வருபவள் அம்பாள். அடுத்து நினைவுக்கு வருவது, காய்ச்சலிற் கிடந்தெழுந்த பாட்டி, "உடம்பிலே சக்தியில்லை" என்று சொன்னது. ஆக, சக்தி என்றால் அருள் அல்லது உயிர். உயிர் போனாற் சக்தியும் போய்விடும். இவ்வெண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டே பிள்ளை, 'சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது' என்னும் வாக்கியத்தைப் பிழையின்றி எழுதிப் பத்துக்குப் பத்துப் புள்ளியும் பெறுகின்றது. இரண்டும் ஒரே மனத்தில் ஒன்றையொன்று தீண்டாமற் கிடக்கின்றன. அவற்றை மோதவிட வேண்டும் என்பதற்காகவே நாம் மீன்தொட்டியை நாடினோம்.

முதல் தொட்டி எமக்குப் பெருமை தரவில்லை. பழைய பிஸ்கற் கடைப் போத்தல் ஒன்றைக் கழுவி, கிணற்று நீர் நிரப்பி, ஆறு மீன்களை விட்டோம். பிள்ளைகள் நன்றாகக் காணட்டும் என்று மேற்கு யன்னலோரத்தில் வைத்தோம். வெள்ளிக்கிழமை பாடசாலை கலைந்தபோது, இரண்டு நாளைக்கும் போதட்டும் என்று எண்ணி ஒரு துண்டுப் பாணை உதிர்த்துப் போட்டோம். திங்கட்கிழமை காலை நீர் கஞ்சிபோற் கலங்கியிருந்தது. ஆறு மீன்களும் மேலே மிதந்தன. அழுத பிள்ளைகளைத் தேற்ற முயன்றுகொண்டிருந்தபோது, கடைசி வாங்கிலிருந்த சிறுமி ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சேர், சக்தியை அழிக்கேலாது எண்டு சொன்னியள். அப்ப இந்த மீனுக்குள்ளை இருந்த சக்தி எங்கை போனது?"

இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலில் இத்துணை நேரான வினாவை நாம் கேட்டதில்லை. உடனே விடை கூறவும் எம்மால் இயலவில்லை. அன்றிரவு எடுத்துப் படித்து, மறுநாள் கூறினோம். சக்தி எங்கும் போய்விடவில்லை. இறந்த மீனின் உடலிலே, தசையிலும் கொழுப்பிலும், இரசாயனச் சக்தியாக அது இன்னும் இருக்கின்றது. போனது அதனைப் பயன்படுத்தி நீந்தவும் வளரவும் வல்ல ஒழுங்கு. நாம் அளவின்றிப் போட்ட பாணிலும் அச்சக்தி இருந்தது. மீன் உண்ணாது விட்ட பாணைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உண்டன. அவையும் சுவாசித்தன, நீரிற் கரைந்திருந்த ஒட்சிசனை எடுத்து முடித்தன. வெய்யில் நீரைச் சூடாக்கியது எம் இரண்டாவது பிழை. 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7½ அளவுக்கு இறங்கிவிடும். சுவாசிப்போர் தொகை கூடியது, காற்றோ குறைந்தது. மீன்கள் பட்டினியால் இறக்கவில்லை. சக்தி மிகுதியாகக் கொட்டப்பட்டதனால் மூச்சடைத்து இறந்தன. பிழை முற்றும் எம்முடையது என்பதை வகுப்பின் முன் ஒப்புக்கொண்டோம்.

அன்பர்களே, அந்த ஒரு நாளில் அவ்வகுப்பு கற்றதை ஒரு தவணை முழுவதும் வெண்கட்டி தேய்த்தும் எம்மாற் கற்பித்திருக்க முடியாது. ஆயினும் ஆறு உயிர்களை விலையாகக் கொடுத்துப் பாடம் நடத்துவது நன்று என்று எவரும் எம் கூற்றைக் கொள்ளற்க. இரண்டாந் தொட்டியை அமைக்குமுன் நாம் படித்தோம், பிள்ளைகளும் படித்தனர்.

படித்தபோது ஓர் உண்மை எமக்குப் பெருவியப்பை அளித்தது. சக்தி மாற்றம் என்றவுடன் பாடநூல்கள் மின்குமிழையும் நீராவிப் பொறியையும் காட்டுகின்றன. ஆனால் இவ்வறிவின் வரலாற்றிற் பெரும்பகுதி உயிருள்ள உடல்களைப் பார்த்தே பிறந்தது. பிரான்சிலே இலவாசியேயும் இலப்பிளாசும் 1782-83 மாரிகாலத்தில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடற்சூட்டினால் உருகிய நீரை அளந்தனர். அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டின் அளவோடு அதனை ஒப்பிட்டு, சுவாசம் மெதுவாக நிகழும் ஓர் எரிதலே என்றனர். யூலியசு இரொபேட்டு மேயர் என்னும் ஜேர்மனிய வைத்தியர் 1840 இல் ஒரு கப்பலில் யாவாத் தீவுக்குச் சென்றார். எம் நாட்டைப் போலவே வெம்மை மிக்க அத்தீவில், மாலுமிகளின் நாளத்துக் குருதி எதிர்பார்த்ததிலும் செந்நிறமாயிருப்பதைக் கண்டார். வெப்ப நாட்டில் உடல் தன்னைச் சூடாக வைத்திருக்கக் குறைவாகவே எரிக்கவேண்டும், ஆதலின் ஒட்சிசன் மிஞ்சுகின்றது என்று எண்ணினார். அவ்வெண்ணத்தைத் தொடர்ந்து சென்றே 1842 இற் சக்திக் காப்பு பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். பச்சைத் தாவரம் ஞாயிற்றின் ஒளியை இரசாயனச் சக்தியாக்கிச் சேமிக்கின்றது என்று 1845 இல் எழுதியவரும் அவரே. பாடநூல் மின்குமிழிலே தொடங்குவதற்கு வேறு நியாயம் இருக்கலாம். வரலாற்று நியாயம் இல்லை.

மீன்தொட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் இரொபேட்டு வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் இரண்டு பொன்மீன்களையும் ஒரு நீர்த்தாவரத்தையும் தொட்டியிலிட்டார். தாவரத்தின் பழுத்த இலைகள் அழுகி நீரைக் கெடுத்தன. நத்தைகளைச் சேர்த்தபின் அவை அழுகலை உண்டன, நீர் தெளிந்தது. இதனை அவர் 1850 இல் அறிவித்தார். எம் முதல் தொட்டியில் இல்லாதவை பாசியும் நத்தையும் என்பதை இதைப் படித்த பின்னரே உணர்ந்தோம்.

இரண்டாந் தொட்டியிற் பிள்ளைகள் செய்வன எளியவை. காலை வெய்யில் யன்னலிற் படும் ஒரு மணி நேரம், வெட்டிய பாசித்தண்டு ஒன்றிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை குமிழி எழுகின்றது என்று எண்ணுவர். பின் தொட்டியை மட்டையால் மறைத்து மீண்டும் எண்ணுவர். குமிழி குறைந்து, ஓய்ந்துவிடும். ஒளியில்லையேல் இக்குமிழி இல்லை என்பதை இங்கன்கௌசு 1779 இல் எழுதினார். எம் பிள்ளைகள் அதனைத் தம் கண்ணாற் கண்டு, திகதியிட்டு எழுதி வைத்திருக்கின்றனர். பாசியும் இரவிற் சுவாசிக்கும் என்பதை அவர்கள் எளிதில் ஒப்பவில்லை. பகலில் ஒட்சிசனைக் கொடுப்பது இரவில் அதையே எடுக்குமா என்று ஒரு வாரம் வாதாடினர். வாதாடட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு குறையை மறைத்தல் முறையன்று. மீனிடத்துச் சக்தியின் பெரும்பகுதி ஈற்றில் வெப்பமாகி நீரிற் கலக்கின்றது. ஆனால் நான்கு கப்பி மீன்களின் வெப்பத்தை எந்த வெப்பமானியும் அத்தொட்டியிற் காட்டமாட்டாது. இதற்குத் தொட்டியை விட்டு வேறிடம் போகவேண்டும். முளைவிட்ட பாசிப்பயற்றை ஒரு வெந்நீர்ப் போத்தலிலும், அவித்து ஆறிய பயற்றை இன்னொன்றிலும் இட்டு, வாயைப் பஞ்சினால் அடைத்து, வெப்பமானி செருகி வைத்தால், முளைப்பயற்றுப் போத்தலில் மறுநாள் சூடு ஏறியிருக்கும். அதைவிட நல்ல சான்று வகுப்பறையே. வளர்ந்த ஒருவர் சும்மா இருக்கும்போதும் அவருடல் 80 தொடக்கம் 100 உவாற்று வரையான வெப்பத்தை வெளிவிடுகின்றது; முன்னாளில் எம் விறாந்தைகளில் எரிந்த பெரிய மின்குமிழ் ஒன்றின் அளவு. பிள்ளைகளுக்கு இது சற்றுக் குறையும். நண்பகலில் 28 பிள்ளைகள் அடைபட்ட அறை ஏன் வேகின்றது என்பதற்குக் கூரைத் தகடு மட்டும் காரணமன்று என்று அறிந்தபோது, ஒருவனை ஒருவன் "தள்ளியிரு, நீ எரிகிறாய்" என்று சொல்லிச் சிரித்தான்.

எதிர்ப்பு வந்தது, வரத்தான் செய்யும். தேங்கிய நீர் வகுப்பறையிலா, டெங்கு நுளம்பு பெருகாதா என்று பெற்றோர் கேட்டனர். நியாயமான அச்சம். ஆனால் கப்பி மீன் நுளம்புக் குடம்பிகளை விரும்பி உண்ணும். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே மன்னாரிற் புதுவகை மலேரியா நுளம்பு ஒன்று கண்டறியப்பட்டது. அதன்பின் வடபகுதிக் கிணறுகளில் இத்தகைய மீன்களே விடப்பட்டன. எம் தொட்டியைப் பார்த்த ஒரு சிறுவன் தானாகவே கணக்கிட்டான்: வெய்யிலைப் பாசம் தின்கிறது, பாசத்தைக் குடம்பி தின்கிறது, குடம்பியை மீன் தின்கிறது, மீன் இல்லாவிட்டால் குடம்பி நுளம்பாகி எங்களைத் தின்னும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குச் சக்தியே சென்று சேர்கின்றது, எஞ்சியது வெப்பமாகவும் கழிவாகவும் பிரிகின்றது என்று நாம் சேர்த்துச் சொன்னோம். அப்படியானால் நுளம்பின் வயிற்றில் எத்தனை நாள் வெய்யில் இருக்கும் என்று அவன் கேட்டான். கணக்கு எம் சக்திக்கு அப்பாற்பட்டது. (தொட்டி மீன்களைக் குளத்திலோ ஓடையிலோ கொட்டலாகாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கின்றோம்; அங்குள்ள சிறு மீன்களுக்கு அவை கேடு செய்யும்.)

புலமைப்பரிசில் பரீட்சை அண்மிக்கும் காலத்தில் குமிழி எண்ணுவது காலவிரயம் என்றார் ஓர் அதிகாரி. அவருக்கு நாம் கூறிய விடை இங்கே எழுதத் தக்கதன்று. பிறநாடுகளிற் கூண்டெலியின் சுழற்சக்கரத்தில் ஒரு சிறு தைனமோவைப் பொருத்தி விளக்கேற்றிக் காட்டுகின்றார்கள், அதை ஏன் செய்யலாகாது என்று பழைய மாணவ நண்பர் ஒருவர் கேட்டார். விளக்கு எரிவது கவர்ச்சியானதே. ஆயினும் எலி எமக்காக உழைக்கின்றது என்னும் எண்ணத்தை அது பிள்ளை மனத்தில் விதைக்கும். எம் வெம்மையில் அந்தப் பிராணி வாடியும் போகும். உயிர் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்க, நாம் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். மீனையும் அடைத்துத்தானே வைக்கின்றீர் என்று கேட்பாருக்கு எம்மிடம் நிறைவான விடை இல்லை. ஆறு மீன் வேண்டாம், நான்கு போதும் என்று முடிவு செய்தவர்கள் பிள்ளைகள். கப்பி முட்டையிடாது குட்டி ஈனும் என்பதால், பின்னர் அத்தொகையும் அவர்கள் வசத்தில் நிற்கவில்லை.

பழைய மாணவர் சங்கத்தார் இதனைக் கருத்திற் கொள்வாராயின், வேண்டியவற்றை ஈண்டுக் குறித்துவிடுகின்றோம். தொட்டி கண்ணாடியாயிருத்தல் நன்று. போத்தலாயின் வாய் அகன்றிருத்தல் வேண்டும். யன்னல் கிழக்கு நோக்கியதாக இருக்கட்டும். பாசியைக் குளத்திலிருந்து எடுத்தால் நன்றாக அலசிய பின்னரே இடுதல் வேண்டும். வெப்பமானி ஒன்று, கோடிட்ட கொப்பி ஒன்று. விடுமுறை நாட்களில் நீரைப் பார்க்கப் பாடசாலைக்கு அண்மையில் வசிக்கும் இரு பிள்ளைகளுக்கு வகுப்பறைத் திறப்பை நம்பிக் கொடுக்கவேண்டும். எம் பாடசாலையில் இவ்வொன்றுக்கே அனுமதி பெற மூன்று மாதம் சென்றது. வெள்ளிக்கிழமை பாண் போடலாகாது.