யாருக்காக அந்த ஓடுபாதை?

ஐ.என்.ஏ. சந்தைக்கு மீனும் முருங்கைக்காயும் வாங்கப் போகும் நம் குடும்பத்தார், அருகில் நீண்டு கிடக்கும் சப்தர்ஜங் விமான நிலையத்தின் மதிலைப் பார்த்திருப்பார்கள். அந்த மதிலுக்குள் இருக்கும் நிலத்தின் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1929-ல் வெள்ளையர் ஆட்சியில் உருவான திடல் அது. பின்னர் வைஸ்ராய் வில்லிங்டனின் பெயரைத் தாங்கியது. தில்லி பறக்கும் கழகத்தில் வசதி படைத்தோர் விமானம் ஓட்டப் பழகினார்கள். 1939-ல் உலகப் போர் மூண்டதும், விமானப்படையின் தொண்டர் பிரிவுக்குத் தொடக்கப் பயிற்சி தரும் வேலை நாட்டின் பறக்கும் கழகங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பொழுதுபோக்கு போர்ப் பயிற்சியாயிற்று. 1947 அக்டோபரில் காஷ்மீருக்குப் படை ஏற்றிச் சென்ற விமானங்களும் இங்கிருந்து கிளம்பின.

1962-ல் பயணிகள் போக்குவரத்து பாலத்துக்குப் போயிற்று. எஞ்சியது கழகத்தார் பறப்புத்தான். 1980 ஜூன் 23 அன்று சஞ்சய் காந்தி இங்கிருந்து கிளப்பிய சிறு விமானம் விழுந்து மாண்டார். 2002-ல் பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்தப் பறப்பும் நிறுத்தப்பட்டது. அதன் பின் தலைவர்களின் ஹெலிகாப்டர்களே இறங்கி ஏறுகின்றன. நகரின் நடுவே சுமார் 190 ஏக்கர்!

இதே நகரம் நம்மிடம் என்ன சொல்கிறது? "இடமில்லை" என்கிறது. அவசரநிலைக் காலத்தில் குடிசைகளை இடித்து, மக்களை மங்கோல்புரிக்கும் திரிலோக்புரிக்கும் அனுப்பினார்கள். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவின் மதராசி கேம்ப் தரைமட்டமாயிற்று. சுமார் 370 குடிசைகள். ஒரு பகுதியினருக்கு மட்டுமே வீடு. அதுவும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில். நிஜாமுதீனில் வீட்டு வேலை செய்யும் தாய் காலை ஆறு மணிக்கு அங்கிருந்து எப்படி வருவாள்?

பாராபுல்லா வடிகாலில் வெள்ளம் வடிய வேண்டாமா என்பார்கள். வடியட்டும், மறுக்கவில்லை. ஓடுபாதையில் குடிசை போடவும் நாம் கேட்கவில்லை. அந்தத் திறந்த வெளி நகரத்துக்கு நல்ல காற்றும் தரலாம். ஆனால் ஹெலிகாப்டருக்கு 190 ஏக்கர் ஒதுக்கத் தெரிந்த அரசு, உழைப்பாளிக்கு ஒரு அறை ஒதுக்க இடமில்லை என்று சொல்லக் கூடாது.

தில்லி அரசின் 2015-ஆம் ஆண்டு மறுகுடியமர்த்தல் கொள்கையே, அதே இடத்திலோ ஐந்து கிலோமீட்டருக்குள்ளோ மாற்று வீடு தர வேண்டும், தவிர்க்க முடியாதபோதுதான் தூரம் அனுப்பலாம் என்கிறது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. எழுதியதை நிறைவேற்று என்கிறோம்.

குடிசைவாழ் தோழர்களே, 2015 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்கான சான்றுகளையும் வாக்காளர் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். இடிப்பு வண்டி வந்தபின் தேடினால் கிடைக்காது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். தனியே சொன்னால் ஏறாது. சங்கமாய்ச் சொன்னால் ஏறும்.