மருந்துப் போத்தலுக்கு முன்னர் முசுறைப் பாருங்கள்

மீளக் குடியேறும் குடும்பமொன்றிற்கு நாம் கொடுப்பவை என்னென்ன என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. கூரைத் தகடு, மண்வெட்டி, கத்தி, நீர்ப்பம்பி, விதை, பழக்கன்று. பல வேளைகளில் அந்தப் பட்டியலின் கடைசியில் ஒரு தெளிகருவியும் இரண்டு மூன்று போத்தல் பூச்சிநாசினியும் இடம்பெற்றுவிடுகின்றன. கொடுப்பவர் நல்லெண்ணத்துடனேயே கொடுக்கிறார். பெறுபவரும் நன்றியுடனேயே பெற்றுக்கொள்கிறார். ஆயினும் பழமரங்களைப் பொறுத்தவரை முதல் வருடத்தில் அந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம் என்பது எமது கருத்து.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் வலிகாமம் முழுவதிலிருந்தும், பின்னர் வன்னியிலிருந்தும் எமது மக்கள் புறப்பட்டபோது தூக்கிச் செல்ல முடியாது போன சொத்துகளுள் முதன்மையானவை மரங்கள். 2009க்குப் பின்னர் காணிகள் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டன. இன்றும் விடுபடாத காணிகள் உள்ளன. விடுபட்ட வளவுக்குள் நுழைபவர் காண்பது பற்றையும் இடிந்த சுவரும்தான். ஆனால் அந்தப் பற்றைக்கு நடுவே கறுத்தக்கொழும்பானோ அம்பலவியோ ஒன்று தப்பி நிற்பதுண்டு. இருபது, முப்பது வருடங்களாக மருந்து மணமே அறியாத மரம் அது. (கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்பட்ட காணிகளைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். மற்றவற்றுள் ஒரு மாங்காய்க்காகக்கூடக் கால் வைக்கலாகாது.)

அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தால், இலைகளைச் சேர்த்து வெள்ளை நூலால் தைத்த பொட்டலங்கள் தெரியலாம். முசுறுக் கூடு. அதைக் கண்டதும் பலரும் கொள்ளியைத் தேடுகின்றனர், அல்லது தெளிகருவியைத் தோளில் மாட்டுகின்றனர். முசுறின் கடி அப்படிப்பட்டது என்பதை மறுக்கவில்லை.

எனினும் இதே எறும்பைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கிய மக்களும் உலகில் இருந்தனர். கி.பி. 304ஆம் ஆண்டளவினது எனக் கருதப்படும் சீன நூலொன்று, தென் சீனப் பகுதியில் முசுறுக் கூடுகளைப் பைகளில் இட்டு விற்றதைக் கூறுகிறது. முசுறு இல்லாத தோட்டத்தின் தோடம்பழங்கள் பூச்சியாற் பாழாகும் என்றும் அது சொல்கிறது. பூச்சியைக் கொண்டே பூச்சியை அடக்குவதற்கு எழுத்திற் கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுவே. பிற்காலத்தில் அங்குள்ள கமக்காரர் எறும்புகள் நடந்து செல்லவென மரத்துக்கு மரம் மூங்கிற் பாலமும் போட்டனர். வியட்நாமின் மேகொங் ஆற்றுக் கழிமுகத்தில் தோடை செய்வோர் கோழிக் குடலும் மீன் கழிவும் கட்டித் தொங்கவிட்டு முசுறை வளர்த்தனர். நாமோ கொள்ளி பிடிக்கிறோம்!

எமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 2003இல் கென்யாவில் முன்னர் காணாத பழ ஈ ஒன்று தென்பட்டது. சில வருடங்களுள் அது ஆபிரிக்காவின் பெரும்பகுதி மாந்தோட்டங்களைப் பிடித்துக்கொண்டது. 2005இல் அதை விபரித்த ஆய்வாளர்கள் அதே ஈ இலங்கையிலும் இருப்பதைக் காட்டினர். ஆசியா எங்கும் மாம்பழத்தைக் குத்தும் கீழைத்தேயப் பழ ஈயும் அதுவும் ஒரே இனமே என்பது பின்னர் தெளிவாயிற்று. அதே 2005இல் மேற்கு ஆபிரிக்காவின் பெனின் நாட்டில், பராக்கூ நகரைச் சுற்றியுள்ள ஆறு மாந்தோட்டங்களில் பழ ஈயின் சேதத்தை அளந்து பார்த்தனர். முசுறின் ஆபிரிக்க உறவான எறும்பு நிறைந்திருந்த இடத்தில் நூறு பழத்துக்கு ஒன்றளவே பழுது. எறும்பு இல்லாத இடத்தில் அது 24 வரை சென்றது. ஆக, எமது வளவிலுள்ள ஈயை, எமது வளவிலுள்ள எறும்பின் உறவுக்காரனைக் கொண்டு அவர்கள் தடுத்திருக்கின்றனர்.

முசுறு எல்லா ஈயையும் பிடித்துத் தின்பதில்லை. பழத்தின்மேல் அது ஓடித்திரிவதே ஈ அமர்ந்து முட்டையிடுவதைக் குழப்புகிறது. அது பழத்தில் விட்டுச் செல்லும் மணத்துக்கும் ஈ விலகுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வயது போன கமக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். முசுறு ஏறிய மரத்துப் பழத்தைப் பற்றி அவர்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பழம் ஆயும்போது முசுறு கடிக்கும். விடியற்காலைக் குளிர்ச்சியில் அதன் ஓட்டம் குறைவு. அப்போது கீழே நின்று கொக்கத்தடியால் ஆயலாம். மரத்தில் ஏறத்தான் வேண்டுமென்றால் கை கால்களில் சாம்பலைப் பூசிக்கொள்ளலாம். மற்றைய குற்றச்சாட்டு இதைவிடப் பெரியது. செதிற்பூச்சியும் மாவுப்பூச்சியும் விடும் இனிப்புக் கழிவுக்காக முசுறு அவற்றைக் கறவை மாடு போல் காத்து வளர்க்கும். இலையில் கரிபடிந்தாற்போல் பூஞ்சணம் தெரிந்தால் அந்தக் கொப்பை மட்டும் வெட்டி எடுக்கலாம், அல்லது சவர்க்காரக் கரைசலால் கழுவலாம். அதற்காக மரம் முழுவதையும் நஞ்சில் குளிப்பாட்டத் தேவையில்லை. இன்னொன்று: ஒரு குடித்தனம் பல மரங்களில் பல கூடுகளாகப் பரந்திருக்கும், இராணி ஒரு கூட்டிலேயே இருக்கும். ஒரே குடித்தனம் உள்ள மரங்களைக் கயிற்றால் இணைத்துவிடலாம். வெவ்வேறு குடித்தனங்கள் உள்ள மரங்களின் கொப்புகள் முட்டினாலோ பெரிய சண்டை மூளும், இரு பக்கமும் அழியும். அங்கே கொப்பைக் கவ்வாத்துச் செய்து இடைவெளி விடவேண்டும். (சண்டை பற்றி எமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.)

முசுறாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதவையே அதிகம். 2008இல் மெக்சிக்கோப் பகுதிக்குரிய ஒரு மாவுப்பூச்சி இலங்கையில் கண்டறியப்பட்டதும், பப்பாசி மரங்கள் வெண்பஞ்சு அப்பினாற்போல் ஆகிச் செத்ததும் பலருக்கு நினைவிருக்கும். எத்தனை போத்தல் தெளித்தும் பயன் குறைவு. பூச்சியின் மேலுள்ள மெழுகுப் பூச்சு அதைக் காத்தது. 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத குளவிகளை விவசாயத் திணைக்களம் வருவித்து விட்டது. அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு அதை உள்ளிருந்தே தின்று வெளிவரும். அவற்றுள் ஓரினம் நன்றாகக் காலூன்றிப் பீடையை அடக்கியது. அடுத்த வருடம் தமிழகத்திலும் இதே குளவியே கைகொடுத்தது. மெழுகுக்குள் இருக்கும் பூச்சியைத் தொடாத நஞ்சு இந்தக் குளவியை உடனே கொன்றுவிடும் என்பதையும் கவனியுங்கள்.

கலிபோர்னியாவில் இது பெரிய அளவிலேயே நடந்தது. 1888இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பொறிவண்டு அங்கு தோடைகளை அழித்துவந்த செதிற்பூச்சியை ஓரிரு வருடங்களில் அடக்கியது. 1940களின் பிற்பகுதியில் வேறு பூச்சிக்கென டி.டி.ரி. அடித்தார்கள். வண்டு செத்தது, செதிற்பூச்சி திரும்பி வந்தது. இடையில் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தச் சிறு வண்டு கூலி கேளாமல் வேலை செய்திருக்கிறது.

மாம்பூவின் காரியமும் அப்படியே. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவற்றுள் பெரும் பங்கு ஈக்களுக்கும் இலையானுக்கும் உரியது. பூத் தத்திக்கு அஞ்சிப் பூத்த மரத்தில் மருந்தடிப்பவர் காய் பிடிக்கச் செய்யும் பூச்சியையும் சேர்த்துக் கொல்கிறார். பின்னர் காய் குறைவென்று மற்றொரு போத்தல் வாங்குகிறார்.

இச்சிறு குளவிகளுக்கு வளர்ந்தபின் தேனும் நிழலும் வேண்டும். பூவரசும் கிளுவையும் ஆடாதோடையும் நின்ற எங்கள் கதியால் வேலிகள் அவற்றைக் கொடுத்தன. இன்று வெளிநாட்டுக் காசு வந்ததும் முதலில் எழுவது மதில். மதிலிற் பூப் பூக்காது. எல்லைத் தகராறுகள் நிறைந்த காலத்தில் வேலி போதாதென்பது எமக்குப் புரிகிறது. ஆனால் மதிலின் உட்புறம் ஒரு வரிசை மரம் நட யார் தடுத்தார்?

இரசாயனம் அனைத்தையும் ஒரே நாளில் கைவிடச் சொல்கிறோம் என எவரும் எண்ணவேண்டாம். 2021 மே மாதம் அரசு அப்படித் தடைவிதித்து, கமக்காரர் பட்ட பாட்டுக்குப் பின் நவம்பரில் விலக்கிக்கொண்டதை நாம் பார்த்தோம். ஆயத்தமில்லாத மக்கள்மேல் சட்டத்தைச் சுமத்தியதால் இயற்கை முறைக்கே கெட்ட பெயர் வந்தது. நாம் கேட்பது ஒரு வருடப் பொறுமை மட்டுமே. பழமரத்தில் எது தின்கிறது, எது தின்பதைத் தின்கிறது என்று பிரித்தறிய அந்த ஒரு வருடம் வேண்டும். இதற்கு விவசாயப் போதனாசிரியரை வளவுக்கே அழைத்துக் காட்டுங்கள்.

இதைச் சொல்ல எமக்கு வேறொரு காரணமும் உண்டு. இந்நாட்டில் தற்கொலை வீதம் 1995இல் உச்சத்தைத் தொட்டது. மிகக் கொடிய நாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட, 2005ஆம் ஆண்டளவில் அது பாதியாகக் குறைந்தது. கை எட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமையே பலரைக் காப்பாற்றியது. பிள்ளையை இழந்த, கணவனைத் தேடித்திரிகிற, கடன்பட்ட வீடுகள் எமது பங்குகளில் எத்தனையோ. அந்த வீட்டு மூலையில் நஞ்சுப் போத்தலை வைத்துவிட்டு வருகிற கை, திருச்சபையின் கையாக இருக்கலாமா? 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தமது சுற்றுமடலில் புழுக்களையும் பூச்சிகளையும்கூட நினைவுகூர்ந்தார். அதை வாசித்துக் கருத்தரங்கு வைத்த நிறுவனங்கள் தமது நிவாரணப் பட்டியலையும் ஒருமுறை வாசிக்கட்டும்.

அந்தப் போத்தலின் விலைக்கு வேறு சில பொருட்களை வாங்கலாம். மரங்களை இணைக்க ஒரு கட்டு நைலோன் கயிறு. ஒரு கொக்கத்தடி, நுனியில் பையோடு. பழ ஈயின் ஆண்களைப் பிடிக்கும் மெதைல் இயூஜினோல் பொறி, வளவுக்கு இரண்டு. விழுந்த பழத்தைக் கிடங்கிலிட்டு மூடக் கண் நெருக்கமான வலை நாலு முழம். பழத்துக்குள் இருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கியே கூட்டுப்புழுவாகிறது. ஆகவே வைகாசி முதல் ஆடி வரை, அழுகினதென்று வேலிக்கு அப்பால் எறியாமல், நாள்தோறும் பொறுக்கவேண்டும். இதை ஒழுங்கையில் ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை, ஈ பறந்து வரும். பத்து வீட்டுக்கு ஒரு கிடங்கு போதும். பொறுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம், கோழிகளையும் மரத்தடியில் கிளற விடலாம்.