ஐம்பது வயதில் ஸ்டீயரிங்

ஆலை மூடிவிட்டதா? வயது நாற்பத்தைந்தா, ஐம்பதா? கவலை வேண்டாம்! சில வாரங்களில் லாரி ஓட்டக் கற்றுத் தருகிறோம், லைசென்ஸ் கைக்கு வந்ததும் வேலை தயார். அமெரிக்காவின் பெரிய லாரிக் கம்பெனிகள் வருஷக்கணக்காக இந்த ரீதியில் ஆள் பிடித்து வருகின்றன. வாழ்க்கையின் இரண்டாம் பாகம் நெடுஞ்சாலையில் தொடங்குகிறதாம். படத்தில் நீல வானம், பளபளக்கும் லாரி, சிரித்த முகத்துடன் தலை நரைத்த டிரைவர்.

அமெரிக்க லாரி டிரைவரைப் பற்றி நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். வேலையில்லாதவனுக்கு வேலை கொடுப்பதற்குப் பதிலாகப் பயிற்சி கொடுப்பது என்ற வைத்தியம் இன்று எல்லா நாட்டுச் சர்க்கார்களுக்கும் பிடித்துப்போய்விட்டது. அந்த மருந்தை நீண்ட காலம் சாப்பிட்டவன் எப்படி இருக்கிறான் என்று பார்ப்பதில் தவறில்லை. தவிர, நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் நம் பத்திரிகை படிக்கும் டிரைவர்களுக்கு இந்தக் கதையில் பாதியை நாம் விளக்க வேண்டிய அவசியமே இராது.

முதலில், அந்த நரைத்த தலைக்காரர் எங்கிருந்து வந்தார்? 1977 செப்டம்பர் 19-ந் தேதி ஒஹையோ மாநிலத்து யங்ஸ்டவுனில் காம்பெல் உருக்காலையை மூடப்போவதாக ஒரே அறிவிப்பில் சொன்னார்கள். சுமார் 5,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். அந்த நாளை அவ்வூரார் இன்றும் கறுப்புத் திங்கள் என்றே அழைக்கிறார்கள். அதே வட்டாரத்தில், லார்ட்ஸ்டவுனில், ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 2019 மார்ச்சில் நின்றது. இடைப்பட்ட நாற்பது வருஷங்களில் இப்படி மூடிய ஆலைகள் எத்தனையோ. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சி தரும் மத்திய சர்க்கார் திட்டம் ஒன்று இருந்தது. அதற்கான சட்ட அதிகாரமும் 2022 ஜூலையில் காலாவதியாகிவிட்டது. பட்டப்படிப்பு இல்லாமல், குடும்பத்தைச் சுமந்து நிற்கும் ஐம்பது வயதுக்காரனுக்குத் திறந்திருக்கும் கதவுகள் சில. அவற்றில் பெரிய கதவு லாரியின் கதவு. அவன் ஏறுவதில் என்ன ஆச்சரியம்?

சம்பளமும் கேட்கக் கவர்ச்சியாகவே இருக்கிறது. 2023 மே மாதக் கணக்குப்படி, கனரக லாரி டிரைவர்களில் பாதிப் பேர் வருஷத்துக்கு 54,320 டாலருக்கு மேல் வாங்கினார்கள். பாதிப் பேர் அதற்குக் கீழ். பலசரக்குக் கடையில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று யாரும் சொல்வார்கள். நாமும் மறுக்கவில்லை. ஆனால் எத்தனை மணி நேர உழைப்புக்கு இந்தத் தொகை?

அங்கே நீண்ட தூர டிரைவருக்குக் கூலி பெரும்பாலும் மணிக்கு அல்ல, மைலுக்கு. சக்கரம் சுழன்றால் காசு, நின்றால் இல்லை. கிட்டங்கி வாசலில் லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்துக்கு, முதல் இரண்டு மணிக்குப் பொதுவாக ஒரு சென்ட்டும் கிடையாது. அதற்கு மேல் கிடைத்தாலும் அற்பத் தொகைதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மைலுக்கு 55 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் 2,400 மைல் ஓட்டினால் 1,320 டாலர். சராசரி ஐம்பது மைல் வேகத்தில் ஓட்டவே 48 மணி நேரம் ஆகிறது. லோடு ஏற்ற, இறக்க, டீசல் போட, வண்டியைச் சோதிக்க, வாசலில் தவம் கிடக்க இன்னொரு 22 மணி. மொத்தம் 70 மணி. மணிக்கு 19 டாலர்கூட வரவில்லை! இரவு வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடக்கும் நேரத்தை இதில் நாம் சேர்க்கவில்லை.

வாரம் 40 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்று அமெரிக்கச் சட்டம் 1938-லேயே சொன்னது. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் லாரி டிரைவரை அதே சட்டம் அந்த உரிமைக்கு வெளியே நிறுத்திவிட்டது. இன்றும் வெளியேதான் நிற்கிறான். பாதுகாப்பின் பெயரால் அவனுக்குக் கிடைத்தது கடிகாரம். வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி ஓட்டலாம், பிறகு 10 மணி ஓய்வு. விதி நல்ல விதிதான். 2017 டிசம்பர் முதல் என்ஜினோடு இணைந்த மின்னணுக் கருவி இதைக் கணக்கெடுக்கிறது. டிரைவரின் ஒவ்வொரு நிமிஷமும் பதிவாகிறது. ஆனால் அவனைக் கிட்டங்கி வாசலில் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்த முதலாளி அந்த நான்கு மணிக்கும் கூலி கொடுத்தாக வேண்டும் என்று எந்தக் கருவியும் கட்டாயப்படுத்துவதில்லை. அந்த 14 மணிக் கடிகாரமோ அப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

டிரைவர் பஞ்சம், டிரைவர் பஞ்சம் என்று லாரி முதலாளிமார் சங்கம் ஓயாமல் கூவுகிறது. 2021-ல் 80,000 பேர் குறைவு என்றார்கள். உண்மை என்ன? சர்க்காரின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை நடத்தும் பத்திரிகையில் 2019 மார்ச்சில் ஓர் ஆய்வு வந்தது. இந்தத் தொழிலில் நிரந்தரப் பஞ்சம் எதுவும் இல்லை, கூலி உயர்ந்தால் ஆட்கள் வருகிறார்கள் என்பதே அதன் சாரம். முதலாளிமார் சங்கத்தின் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பெரிய நீண்ட தூரக் கம்பெனிகளில் பல வருஷங்களில் 100 இடங்களுக்கு 90 பேருக்கு மேல் விலகிப் போயிருக்கிறார்கள். ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு கிணற்றில் தண்ணீர் இல்லை என்று சொன்னால் எப்படி?

பயிற்சிப் பள்ளியின் வேலையே இந்தக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருப்பதுதான். கம்பெனியே பள்ளி நடத்தினால் கட்டணம் இல்லை என்பார்கள். தாளின் அடியில் நிபந்தனை இருக்கும்: ஒரு வருஷம் இந்தக் கம்பெனியிலேயே ஓட்ட வேண்டும், நடுவில் விலகினால் ஆயிரக்கணக்கான டாலர் கடன். கூலி போதவில்லை என்று கண்டுகொள்ளச் சில வாரங்கள் போதும். ஆனால் போக முடியாது. 2022 பிப்ரவரி 7 முதல், பதிவு பெற்ற பள்ளியில் பயிற்சி பெறாமல் புதியவர் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியாது என்று விதி செய்தார்கள். ஆனால் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை! எண்பதாயிரம் பவுண்டு எடையை மலைச் சரிவில் இறக்க எத்தனை மணி நேரம் பழக வேண்டும் என்பதைப் பள்ளியே முடிவு செய்துகொள்ளலாம்.

ஐம்பது வயது உடம்பின் கதை தனி. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது டாக்டர் சான்று வேண்டும். ரத்த அழுத்தம் 140-90ஐத் தாண்டினால் சான்றின் காலம் ஒரு வருஷமாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கும். நாள் முழுதும் உட்கார்ந்து, சாலையோரத்தில் கிடைத்ததைத் தின்று, ஓடும் வண்டியின் பின்படுக்கையில் பயிற்சி டிரைவரோடு மாறி மாறித் தூங்கும் மனிதனுக்கு அழுத்தம் குறையுமா, ஏறுமா? சான்று போனால் வேலையும் போகும்.

இந்தத் தொழில் பிறவியிலேயே இப்படி இருந்ததில்லை. 1964-ல் டீம்ஸ்டர் சங்கம் நாடு முழுவதற்குமான சரக்கு லாரி ஒப்பந்தத்தைப் போட்டபோது சுமார் நான்கு லட்சம் தொழிலாளர்கள் அதன்கீழ் வந்தார்கள். அன்று லாரி ஓட்டிய கூலியில் வீடு வாங்கலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். 1980 ஜூலையில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இத்தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதற்கு முன்னின்றவர் தாராளவாதி என்று பெயரெடுத்த செனட்டர் எட்வர்டு கென்னடி! சரக்குக் கட்டணம் குறைந்தது, சங்கமில்லாத கம்பெனிகள் காளான்போல் முளைத்தன, கூலி சரிந்தது. 'சக்கரங்களின் மேல் வியர்வைக் கூடம்' என்ற பொருளில் பேராசிரியர் மைக்கேல் பெல்சர் 2000-ல் ஒரு புத்தகத்துக்கே பெயர் வைத்தார்.

எல்லாவற்றையும்விட நயமான பொறி ஒன்று உண்டு. 'நீ தொழிலாளி அல்ல, நீயே முதலாளி!' என்று சொல்லி லாரியை லீசுக்குக் கொடுப்பது. லீஸ் பணம், டீசல், இன்ஷூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் வாரச் சம்பளத்திலிருந்து கழிந்துகொண்டே வரும். சில வாரம் சீட்டில் மிஞ்சுவது பூஜ்யம். டொமினிக் ஒலிவேரா என்ற டிரைவர் இப்படி முதலாளியாக்கப்பட்டவர். சட்டப்படியான கூலி தரவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். நீ ஒப்பந்தக்காரன், கோர்ட்டுக்கு வர முடியாது, தனி மத்தியஸ்தத்துக்குப் போ என்றது கம்பெனி. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தொழிலாளி பக்கம் நின்றார்கள். ஒப்பந்தக்காரன் என்று பெயர் வைத்தாலும் அவன் செய்வது வேலைதான் என்றார்கள்.

ஐம்பது வயதுக்காரர் லாரி ஓட்டக்கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. கம்பெனிப் பள்ளிக்குப் போகாமல் ஊர்ச் சமூகக் கல்லூரியில் கற்றால் கடன் சங்கிலி இல்லை. சர்க்காரின் வேலைப் பயிற்சி நிதியும் பல இடங்களில் கிடைக்கிறது. மணிக்கூலி தருகிற, இரவில் வீடு திரும்பக்கூடிய உள்ளூர் ஓட்டங்கள் உண்டு. சங்கமுள்ள கம்பெனிகள் உண்டு. ஆனால் அங்கே நல்ல ஓட்டம் பணிமூப்புப்படிதான் கிடைக்கும். ஐம்பதில் சேர்ந்தவன் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

வரிசையில் முன்னே நின்றவர்களுக்கும் நிம்மதி இல்லை. நூறு வருஷப் பழமையான யெல்லோ லாரிக் கம்பெனி 2023 ஜூலை 30-ல் ஓட்டத்தை நிறுத்தி, அடுத்த வாரம் திவால் மனுக் கொடுத்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. அவர்களில் சுமார் 22,000 பேர் டீம்ஸ்டர் சங்கத்தினர். மூன்று வருஷத்துக்கு முன், 2020-ல், அதே கம்பெனியைக் காப்பாற்ற அமெரிக்கச் சர்க்கார் கொடுத்த கடன் 70 கோடி டாலர். லார்ட்ஸ்டவுன் தொழிலாளிக்கு அப்படி ஒரு கடனை யாரும் கொடுக்கவில்லை. அவனுக்குக் கொடுத்தது பயிற்சிப் பள்ளியின் விலாசத்தைத்தான்.