லென்னி புரூஸ் விழலை, தள்ளிவிட்டாங்க

சாயங்காலம் டீ குடிக்கப் போன இடத்துல, ஸ்டாண்ட்-அப் காமெடி பத்தி பேச்சு வந்துச்சு. நண்பர் ஒருத்தர் அசால்ட்டா சொன்னார்: "லென்னி புரூஸா? போதையில அழிஞ்ச கேஸுப்பா. கடைசியில அவர் பேசினா சிரிப்பே வரலை." அங்கே வாயை மூடிட்டு வந்துட்டேன். மனசு ஆறலை. அதான் இங்கே கொட்டுறேன்.

1925ல நியூயார்க் மாநிலத்துல பிறந்தவர். ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கக் கடற்படையில இருந்தவர். சின்னச் சின்ன கிளப்புகள்ல மைக் பிடிச்சு மெல்ல மேலே வந்தார். மதம், இனவெறி, செக்ஸ்னு பெரிய மனுஷங்க நெளியிற விஷயங்களை எல்லாம் மேடையில போட்டு உடைச்சார். 1959ல டிவியில ஸ்டீவ் ஆலன் ஷோ. 1961 பிப்ரவரியில பனிப்புயல்ல நியூயார்க் முடங்கிக் கிடந்த ஒரு நடுராத்திரி, இவர் பேச்சைக் கேட்க கார்னகி ஹாலுக்கு கூட்டம் வந்துச்சு.

அதே வருஷம் அக்டோபர்ல சான் பிரான்சிஸ்கோவில கைது. மேடையில கெட்ட வார்த்தை பேசிட்டாராம். 1962ல ஜூரி விடுதலை பண்ணிடுச்சு. ஜெயிச்சாச்சு, விட்டாங்களா? அந்த டிசம்பர்லயே சிகாகோவில மறுபடி கைது. 1963ல பிரிட்டன் நாட்டுக்குள்ளேயே விடலை. 1964 ஏப்ரல்ல நியூயார்க் கஃபே ஆ கோ கோவில இன்னொரு கைது. இந்தத் தடவை ஓனர் ஹோவர்ட் சாலமனையும் சேர்த்துத் தூக்கினாங்க.

சூட்சுமமே இங்கதான். ஓனரையே தூக்கினா, அடுத்த ஓனர் மேடை தருவானா? தடைச் சட்டம் எல்லாம் எதுக்கு, கிளப்புக்காரனோட பயம் போதும்.

கோர்ட்ல நடந்த கூத்து தனி. ஷோவைப் பார்த்த லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் ஒருத்தர், தன் குறிப்பை வெச்சு புரூஸோட ஜோக்கை எல்லாம் சாட்சிக் கூண்டுல ஒப்பிச்சார். நான் எழுதின கோடை வேற ஒருத்தர் அரைகுறை ஞாபகத்துல எழுதிக் காட்டி "பாருங்க, பக் இருக்கு"ன்னா நான் ஒத்துக்குவேனா? 1964 நவம்பர்ல குற்றவாளின்னு தீர்ப்பு. டிசம்பர்ல நாலு மாசத் தண்டனை. அப்பீல்னு ஜாமீன்ல இருந்ததால அதை அவர் அனுபவிக்கவே இல்லை. ஆனா மேடை போச்சு, காசு போச்சு, 1965ல திவால்.

போதை இருந்துச்சா? இருந்துச்சு. 1966 ஆகஸ்ட் 3, மார்பின் ஓவர்டோஸ், வயசு 40. அதை மறைக்க நான் வரலை. கடைசி வருஷங்கள்ல மேடையில கோர்ட் பேப்பரை வாசிச்சு ஜனங்களை நோகடிச்சதும் நிஜம். ஆனா ஒண்ணு கேக்குறேன். கார்னகி ஹால் காலத்துலயும் அந்தப் போதை இருந்துச்சே, அப்ப மட்டும் கூட்டம் எப்படி வந்துச்சு? நடுவுல வந்தது கேஸுதானே? நாள் பூரா கோர்ட்ல நிக்கிறவன் ராத்திரி வேற எதைப் பேசுவான்?

கூட மாட்டின ஓனரோட தண்டனை பிறகு அப்பீல்ல ரத்தாச்சு. புரூஸுக்கு 2003 டிசம்பர்ல கவர்னர் பட்டாக்கி மன்னிப்பு கொடுத்தார். செத்தவருக்கு மன்னிப்புங்கறது நியூயார்க் மாநிலத்துல அதான் முதல் தடவை. செத்து 37 வருஷம் கழிச்சு! உயிரோட இருக்கும்போது தட்டைப் பிடுங்கிட்டு, திவசத்துக்கு வடை பாயசம்.

அதனால யாராவது "ஜெயிலுக்கே போகலையே, அப்புறம் என்ன அடக்குமுறை?"ன்னு கேட்டா சொல்லுங்க, கேஸுதான் தண்டனை. தீர்ப்பெல்லாம் சும்மா ரசீது.

டிஸ்கி: நண்பரே, நாளைக்கு டீ என் கணக்கு. கருத்துல மாத்தம் இல்லை.