நாய்க்கு ஒரு வாரண்டி கார்டு

"ஏன்டா, நாய்க்கா இடுப்பு ஆபரேஷன்? உங்க பாட்டிக்கே இன்னும் முட்டி ஆபரேஷன் பண்ணலை!" போன மாசம் போன்ல அம்மா கேட்டது இது. நாய் என்னோடது இல்லைன்னு சொல்லித் தப்பிச்சேன்.

நிஜமாவே என்னோடது இல்லீங்க. அறைத்தோழனோடது. ஒன்பது மாச ஜெர்மன் ஷெப்பர்ட், பேரு மோச்சா. ஓடும்போது பின்னங்கால் ரெண்டையும் சேர்த்து முயல் மாதிரி குதிக்கும். நாங்களும் அழகா இருக்கேன்னு வீடியோ எல்லாம் எடுத்தோம். அப்புறம் ஒருநாள் மாடிப்படி ஏற மாட்டேன்னு உக்காந்துடுச்சு. எக்ஸ்ரேல பார்த்தா, தொடை எலும்போட பந்து கிண்ணத்துக்குள்ள சரியா உக்காரவே இல்லை. ஹிப் டிஸ்பிளேசியா. பரம்பரையா வர்றது. குட்டியில தீனியைக் கொட்டி வேகமா வளர்த்தா இன்னும் மோசமாகும்.

வித்த புண்ணியவானுக்கு போன் போட்டோம். "ஒப்பந்தத்துலயே இருக்கே, திருப்பிக் கொடுங்க, வேற குட்டி தர்றேன்"னார். திருப்பிக் கொடுத்தா இதை என்ன பண்ணுவீங்கன்னு கேட்டதுக்கு மழுப்பினார்.

என்னைக் கேட்டா இது உத்தரவாதமே இல்லை, பித்தலாட்டம். ஏழு மாசம் கால்மாட்டுல படுத்துத் தூங்கினதை டிவிப் பெட்டி மாதிரி யாரும் திருப்பித் தர மாட்டாங்க. அது தெரிஞ்சுதான் அப்படி எழுதி வச்சிருக்காங்க. யோக்கியமா இருந்தா வைத்தியச் செலவுல பங்கு தர்றேன்னு எழுதணும். அதுக்கும் முன்னாடி, தாய் தகப்பன் இடுப்பை எக்ஸ்ரே எடுத்திருக்கணும். அமெரிக்காவுல 1966லேர்ந்து இதுக்குன்னே ஆர்த்தோபீடிக் ஃபவுண்டேஷன் ஃபார் அனிமல்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு. ரெண்டு வயசுக்கு மேல எக்ஸ்ரே எடுத்து அனுப்பினா தரம் பிரிச்சுச் சான்று தர்றாங்க. பெத்ததுங்க நல்லா இருந்தா குட்டிக்கு வராதுன்னு இல்லை, வாய்ப்பு குறையும். நம்மாளு இதெல்லாம் கேட்டானா? குட்டியோட காதைப் பார்த்து மயங்கிட்டான். கோயமுத்தூர்ல லேப்ரடார் குட்டி தேடற சித்தப்பாகிட்டயும் சொல்லியிருக்கேன். எக்ஸ்ரே கேட்டா சிரிப்பாங்க, இருந்தாலும் கேளுங்கன்னு.

ஆபரேஷன்ல தொடை எலும்போட தலையையே வெட்டி எடுத்துட்டாங்க. கேட்டதும் எனக்குக் குலை நடுங்கிப்போச்சு. மூட்டே இல்லாம எப்படிங்க நடக்கும்? தசையும் தழும்பும் சேர்ந்து ஒரு பொய் மூட்டு மாதிரி ஆயிடுமாம். ஆனா அதுக்குக் காலை ஊனி நடந்தாகணும். தோழனுக்குக் காலைல லேப். அதனால காலை நடை என் தலையில. வயித்துக்குக் கீழே துண்டைப் போட்டுத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆமை வேகத்துல. வேகமாப் போனா மூணு காலாலேயே சமாளிச்சுடும், மெதுவாப் போனாதான் நாலாவதை ஊனும். அந்தக் குளிர்ல அரைமணி நேரத்துக்குப் பத்து வீடு தாண்டினா பெரிசு.

ஒரு ராத்திரி ரொம்ப முனகுச்சு. பாவமேன்னு என் ஐபுப்ரோஃபன் மாத்திரையை எடுத்துட்டேன். தோழன் பாய்ஞ்சு வந்து பிடுங்கினான். நாய்க்கு அது விஷமாம்! நல்லவேளை.

பன்னெண்டாம் நாள், தபால்பெட்டிகிட்ட, காலை முழுசா ஊனி நின்னுச்சு. நான் நடுரோட்டுல கத்தினதுல பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார் :)

பாட்டி விஷயத்துக்கு வர்றேன். பாட்டி ஆபரேஷன் பண்ணாதது பயத்துனால, காசில்லாம இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும். மோச்சா நடக்கிற வீடியோவை அனுப்பினேன். பாட்டி ரெண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தாங்களாம்.

வலது இடுப்பும் சுமார்தான்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதை இன்னும் அம்மாகிட்ட சொல்லலை.